கைப்பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா

என்றைக்கும் என்னைத் திட்ட உரிமையுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. வீட்டில் இருப்பது மூன்று பேர், அதில் இரண்டு பேர் சுகம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ கோபமாக இருக்கிறாய் என்பதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை, தெரியும். நேற்று மத்தியானம் போனில் நான் "அக்கா, முதல்ல நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பித்தேன். நீ "உன் பொண்டாட்டி எல்லாம் சொல்லிட்டா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பதினோரு முறை கூப்பிட்டேன். பன்னிரண்டாவது முறை அத்தான் எடுத்து, "அவ குளிக்கிறா மாப்ள" என்றார். மூன்று மணி நேரமாகவா குளிப்பாய்? அதனால்தான் கடிதம். நாளை மதியத்துக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகக் கூரியர்காரர் சொல்கிறார். இதையும் நீ பாதியில் கீழே வைக்கலாம். ஆனால் மறுபடி எடுத்துப் படிக்க வழி உண்டு.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா நேற்று காலை பாத்ரூமில் விழுந்துவிட்டார். இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். அவர் பிடித்திருந்த கைப்பிடி நான் வரைந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் அவள் கடைசியிலிருந்து சொல்லியிருப்பாள். கடைசியிலிருந்து சொன்னால் யாராக இருந்தாலும் கொலைகாரன் மாதிரிதான் தெரிவார்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் கிடங்குகளுக்கு இரும்பு அலமாரி செய்கிறோம் என்பதும், இருபத்தாறு வருஷமாக அதற்குப் படம் வரைவது நான்தான் என்பதும் உனக்குத் தெரியும். நான்கு மாதத்துக்கு முன்னால் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தார்கள். இதில் கோடு போட்டால் போதாது அக்கா. போட்ட ஒவ்வொரு கோட்டையும் கட்டிப்போட வேண்டும். இது படுத்திருக்கிற கோடு, இது நிற்கிற கோடு, இவை இரண்டும் இணை, இவை இரண்டும் ஒரே நீளம், இந்த வட்டமும் அந்த வட்டமும் ஒரே மையம் என்று எல்லாவற்றையும் நாமே சொல்ல வேண்டும். அந்தக் கட்டுகளுக்குக் கன்ஸ்ட்ரெயின்ட் என்று பெயர். சொல்லிக்கொடுக்க ஒரு மேடம் வந்தார். "சார், இந்த ரெண்டு கோடும் இணையா?" என்றார். "பார்த்தாலே தெரியுதே மேடம்" என்றேன். "உங்களுக்குத் தெரியுது சார். அதுக்குத் தெரியாது. நீங்க சொல்லலேன்னா அதுபாட்டுக்குப் போகும்" என்றார். அப்படியே போனது. செவ்வகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததன் ஒரு மூலையை மவுஸால் லேசாகத் தொட்டேன், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கோடு நீலமாக இருந்தால் அது இன்னும் யார் பேச்சுக்கும் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். எல்லாக் கட்டும் சரியாகப் போட்டபின் கறுப்பாகும், இனி அசையாது. சொன்னதையே இரண்டு முறை சொல்லிவிட்டால் சிவப்பாகிக் கோபித்துக்கொள்ளும். நம் வீட்டிலும் அதேதான், நிறம் மட்டும் மாறுவதில்லை. மூன்றாம் மாதம் ஒரு பரீட்சை வைத்தார்கள். நாற்பது கோட்டில் முப்பத்தொன்று நீலம், நாலு சிவப்பு. என்னைவிடக் குறைவாக வாங்கியவர் அன்றைக்கு லீவில் இருந்தவர் மட்டும்தான். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு மரியாதையாகத்தான் பேசினார். "மாசக் கடைசிக்குள்ள ஏதாவது ஒரு பொருளை முழுசா நீங்களே பண்ணி, சிமுலேஷனும் ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா ஸ்டோர்ஸ்ல போல்ட்டு எண்ற எடத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு" என்றார். அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனதில்லை.

அந்தச் சமயம் பார்த்து நீ போன் செய்தாய். "அப்பா பாத்ரூம்ல எந்திரிக்கக் கஷ்டப்படுறார்டா, சுவத்துல ஒரு கைப்பிடி வையேன்" என்று சொன்னது நீதான். குற்றமாகச் சொல்லவில்லை, வரிசையாகச் சொல்கிறேன். என் மனைவி, "கடையில ரெடியா கிடைக்குது, வாங்கி மாட்டுங்க. மாட்டறதுக்கு ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்க" என்றாள். இருபத்தாறு வருஷம் வரைந்தவன் வீட்டில் கடைக் கைப்பிடியா? அன்றைக்கே உட்கார்ந்தேன். மூன்று நாள். நாலு துளைக்கும் இடைவெளி சமம் என்று கட்டினேன், வளைவு நேர்க்கோட்டைத் தொட்டுப்போக வேண்டும் என்று கட்டினேன், இரண்டு பக்கமும் நடுவிலிருந்து ஒரே தூரம் என்று கட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி நீலக் கோடும் கறுப்பானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. பக்கத்து மேஜைக்காரர் தும்மல் என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார்.

அடுத்தது சிமுலேஷன். பொருளைச் செய்வதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டருக்குள் அதன் மேல் பாரத்தை ஏற்றிப் பார்ப்பது. அதற்கு அப்பாவின் எடை வேண்டும். எடைமேடையில் நாற்பது வருஷம் லாரி நிறுத்தவரிடம் எடை கேட்டால் சும்மா சொல்வாரா? "மொத்த எடை வேற, சரக்கு எடை வேறடா" என்று சட்டையைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், பல் செட்டையும் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு எந்திரத்தில் ஏறினார். ஐம்பத்தேழு கிலோ. நான் ஒரு பாதுகாப்புக்கு நூறு என்று போட்டேன். கைப்பிடியின் எந்தப் பக்கம் அசையாது என்று சாஃப்ட்வேர் கேட்டது. சுவரைத் தொடுகிற பக்கத்தைக் காட்டினேன், உடனே அங்கே சின்னச் சின்னப் பச்சை அம்புகள் குத்தி நின்றுகொண்டன. சுவர் எதனால் ஆனது, எவ்வளவு கனம், யார் கட்டியது என்றெல்லாம் அது கேட்கவில்லை. பாரம் எந்தப் பக்கம் என்று கேட்டது, கீழே என்றேன், ஊதா அம்பு ஒன்று கீழ்நோக்கி வந்து நின்றது. அப்பா கீழே அழுத்தி எழுகிறவர் இல்லை, தன் பக்கம் இழுத்து எழுகிறவர். அவரிடம் கேட்டிருந்தால் இரண்டு நொடியில் சொல்லியிருப்பார். எடையைக் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கைப்பிடியை ஆயிரக்கணக்கான முக்கோணங்களாக நறுக்கிக்கொண்டு, உள்ளே மின்விசிறி இரைய, பதினைந்து நிமிஷம் யோசித்தது. பிறகு முழுக்க நீலமாகக் காட்டியது. இங்கே நீலம் நல்லது. நிறத்துக்கு நிறம் அர்த்தத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். வளைவில் மட்டும் கொஞ்சம் பச்சை. பாதுகாப்பு எண் ஒன்பது. நூறு கிலோ ஆள் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் தொங்கலாம் என்று வீட்டில் சொன்னேன். "ஒம்பது பேரும் நம்ம பாத்ரூம்ல எங்க நிப்பாங்க?" என்றாள் அவள். கலர் பிரின்ட் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அப்பா கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"அந்த ஊதா அம்பு தெரியுது பாருங்க, அதுதான் நீங்க."

"மெலிஞ்சுட்டேன்" என்றார்.

எங்கள் ஃபேக்டரி வெல்டர் ஆசையாகச் செய்து கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நானே டிரில்லிங் மெஷின் வாங்கிவந்து நாலு துளை போட்டு மாட்டினேன். டைல்ஸில் ஒரு கீறல் விழவில்லை. அப்பா பிடித்து எழுந்து பார்த்து, "நல்லா இருக்குடா" என்றார். அதற்குப் பிறகு தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "கைப்பிடி எப்படிப்பா?" என்று கேட்பேன். "ஜம்முனு இருக்கு" என்பார். அப்பா என்னைப் பற்றி அந்த மாதிரி கடைசியாக எப்போது சொன்னார் என்று நீயும் யோசித்துப் பார். எனக்கு ஞாபகம் வரவில்லை.

நேற்று காலை பதினொன்றரைக்கு மீட்டிங் ரூமில் மேனேஜர், அந்த மேடம், கொள்முதல் பிரிவுக்காரர் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சுவர் நிறைய என் கைப்பிடியை ஓட்டிக் காட்டினேன். பாரம் ஏறியதும் கைப்பிடி ரப்பர் மாதிரி தொங்கி நீண்டது. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "இவ்ளோ வளையுதே" என்றார். "சார், அது ஆயிரம் மடங்கு பெரிசாக்கிக் காட்டுது. நெஜத்துல ஒரு தலைமுடி அளவுகூட இல்ல" என்றேன். எனக்கே கேட்க நன்றாக இருந்தது. மேடம் கை தட்டினார். அந்தக் கை தட்டல் முடிவதற்குள் என் போன் மேஜை மேல் நடுங்க ஆரம்பித்தது. எடுத்தேன்.

"மாமா பாத்ரூம்ல விழுந்துட்டார். கைப்பிடி பிடுங்கிட்டு வந்துருச்சு" என்றாள்.

இனி வருவதை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள், நானும் மறைக்கவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி, "கைப்பிடி உடைஞ்சுதா?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "உடையல. அவர்தான் உடைஞ்சுட்டார்."

அறையில் எல்லாருக்கும் கேட்டது. திரையில் கைப்பிடி இன்னமும் வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது, யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. மேனேஜர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கி, "அம்மா, அவர் இப்பக் கிளம்பிடுவார்" என்று சொன்னார். நான் கிளம்பினேன்.

வீட்டில் கீழ்வீட்டு டெய்லரும் அவர் மகனும் பாத்ரூம் கதவைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பா ஒருக்களித்துக் கிடந்தார், தலைக்கு அடியில் என் மனைவியின் துப்பட்டா. வலது கையில் கைப்பிடி. நாலு ஸ்குரூவும் அதில் அப்படியே இருந்தன, ஸ்குரூவோடு ஒரு துண்டு வெள்ளைப் பலகை, பலகையோடு ஒரு டைல்ஸ். என்னைப் பார்த்ததும், "ஆபீஸ்ல லீவு சொல்லிட்டியா?" என்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் "அதக் குடுங்க தாத்தா" என்று கேட்டும் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று இல்லை, விரல் விரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். நோயாளியின் பொருட்கள் என்று ஒரு பையில் போட்டு மேலே எழுதிக் கொடுத்தார்கள்: கண்ணாடி ஒன்று, பல் செட் ஒன்று, கைப்பிடி ஒன்று. அந்தப் பை இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. கைப்பிடியில் ஒரு கீறல்கூட இல்லை அக்கா. அந்த விஷயத்தில் சிமுலேஷன் சொன்னது அட்சரம் பிசகவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார். ஒரு தகடு வைத்து ஸ்குரூ போட்டு நிறுத்தப்போகிறார்களாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "இதுக்கு சிமுலேஷன் எல்லாம் பாத்தாச்சா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "தகடு நல்ல தகடுதான் சார். எலும்பு நல்லா இருந்தாத்தான் ஸ்குரூ நிக்கும். இவருக்கு எலும்பு ரொம்ப மெலிசு" என்றார். மயக்கம் கொடுக்கிற டாக்டரும் வந்து இதயத்தைப் பற்றி என்னவோ சொன்னார். அந்த வயசில் எல்லாருக்கும் சொல்வதுதான்.

இன்று காலை பிளம்பர் வந்து பாத்ரூமைப் பார்த்தார். விரலால் தட்டிவிட்டு, "சார், இது சுவரே இல்ல. வெறும் பலகை, மேல டைல்ஸ ஒட்டி வச்சிருக்காங்க" என்றார். முன்பு குடியிருந்தவர்கள் ஒரு அறையை இரண்டாகத் தடுத்து பாத்ரூம் ஆக்கியிருக்கிறார்கள், வீட்டுக்காரர் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டைல்ஸ் ஒட்டியிருந்தால் பின்னால் செங்கல் இருக்கும் என்றுதானே எவனும் நினைப்பான்? நான் துளை போட்டபோது வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. அதோடு, அப்பாவே டாக்டரிடம் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது, விழுகிற வேகத்தில்தான் கைப்பிடியைப் பிடித்தேன் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே, நிதானமாக யோசித்தால், குற்றம் முதலில் சோப்பின் மேல், பிறகு வீட்டுக்காரர் மேல், பிறகு எதையும் கேட்காமல் பச்சை அம்பு குத்திய அந்தச் சாஃப்ட்வேர் மேல். மிச்சம் இருந்தால் என் மேல்.

ஆகவே நீ பதறிக்கொண்டு வர வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், அத்தானுக்கும் சாப்பாடு கஷ்டம். ஆபரேஷன் முடிந்ததும் போன் பண்ணுகிறேன், அப்போதாவது குளிக்கப் போகாமல் இரு. இன்னொன்று: மேனேஜர் இன்று ஆளனுப்பி, நான் பாஸ் என்று சொல்லச் சொன்னாராம். சந்தோஷப்பட வேண்டும் போல இருக்கிறது, எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் நன்றாக எழுதி நல்லபடி தேற மாமாவின் ஆசி எப்போதும் உண்டு என்று சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கோபத்துக்கு என்றும் பாத்திரமான,
தம்பி

பி.கு.: கூரியர் கடை ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் இருக்கிறது. போகிற வழியில் அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன். கையில் கவரைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார். "அக்காவுக்கு" என்றேன். "படி" என்றார். ஒட்டின கவரைப் பிரித்து முழுவதும் படித்தேன். எடை பார்த்ததைப் படித்தபோது சிரித்தார், சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு மறுபடி படித்தேன். வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை என்ற இடம் வந்ததும், "தெரியலியா?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்தது அக்கா. முதல் துளையிலேயே தெரிந்தது. டைல்ஸைத் தாண்டியதும் மெஷின் ரொட்டிக்குள் போகிற மாதிரி விழுந்துவிட்டது. செங்கல் தூள் வரவில்லை, வெள்ளை மாவு வந்தது. ஸ்டூல் மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கழற்றிவிட்டு பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். கூப்பிட்டால் அவள் முன்னால், அப்பா முன்னால், எல்லாம் முதலிலிருந்து என்று ஆகிவிடும். மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. இன்னும் நீளமான ஸ்குரூ போட்டு முறுக்கிவிட்டு, கீழே விழுந்த மாவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இதை அப்பாவிடம் சொன்னேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமையே ஆடுச்சுடா. இழுத்தா ஒரு விரல் தூரம் சுவரோட வரும், விட்டா போகும். சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வீட்டுக்குள்ள வரும்போதே எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே வந்தே. எப்படிச் சொல்றது? சோப்பு எல்லாம் இல்ல. எந்திரிக்கத்தான் இழுத்தேன்."

ஆகவே, மேலே உள்ள ஆறு பக்கத்தையும் நீ படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடு. மயக்க டாக்டர் சொன்னதையும் நான் சரியாக எழுதவில்லை. இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்து வருவார் என்று உறுதி சொல்ல முடியாது, குடும்பத்தில் வரவேண்டியவர்கள் முன்னாலேயே வந்து பார்த்துவிடட்டும் என்றார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை வேறு தாளில் எழுதி உள்ளே வைத்து மறுபடி ஒட்டுகிறேன். கிளம்பும்போது அப்பா என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, உனக்குச் சொல்லச் சொன்னது இது: "அவள வரச் சொல்லு. நீயும் நானும் மட்டும் இருந்தா ரெண்டு பேருமே வாயத் தொறக்க மாட்டோம்."

கடிதம் கைக்கு வந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடி.